சதுரப் பின்

கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அக்காவின் குரல் வருகிறது. விரலை எடுத்தால் போய்விடுகிறது.

ரிப்பேர் மறுபடியும் அழுத்தினான். "வ-ணக்-கம்" என்றது பெட்டி. விரலை எடுத்தான். "வ-ண" என்று இழுத்து, ஒரு முனகலோடு நின்றுபோனது. காலையிலிருந்து இதே கூத்துதான். கடை வாசலில் மிக்ஸியோடு வந்த ஒருவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

ரிப்பேர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சின்ன வயதில் வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பிரித்து, திரும்ப மாட்டி, நிறுத்திக் காட்டிய புண்ணியவான் அவன். அன்றைக்கு அக்கா வைத்த பெயர் அது. பிறகு அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. கெட்டிக்காரன்தான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நன்றாக இருக்கிற எதையும் நன்றாக இருக்க விடமாட்டான். கை அரிக்கும்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. அத்தான் எங்கெங்கோ அலைந்து ஒரு பழைய பேசும் பெட்டியைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு டப்பா அளவில், மேலே எழுத்துப் பொத்தான்களோடு இருக்கும். தட்டினால் பேசும். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். ஜலதோஷம் பிடித்தவர் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையும் துண்டு துண்டாக வரும். அந்தக் குரலிலேயே அக்கா அத்தானைத் திட்டுவாள், கதை சொல்லுவாள், போனில் வம்பளப்பாள். அவள் திட்டுவதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள்.

அதற்குப் பிறகு பிறந்தவள் சுண்டு. சுண்டெலி மாதிரி இருந்ததால் சுண்டு. இப்போது நாலு வயது. அவளுக்குத் தெரிந்த அம்மா குரல் இது ஒன்றுதான். மற்றவர்களோடு பேசும்போது எல்லாப் பிள்ளைகளையும்போல வாய் ஓயாமல் பேசுவாள். பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் குரல் மாறிவிடும். "சாப்-பி-டு. துப்-பா-தே" என்பாள். அம்மா என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவள் எண்ணம்.

இதைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. "இந்தக் காலத்துல போன்கூட எவ்வளவு அழகா பேசுது. இது என்ன, வாளிக்குள்ள உக்காந்துகிட்டு? புள்ளையும் கெட்டுப் போகப் போகுது" என்று ஆளாளுக்கு வந்து அளந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். ரிப்பேரால் விட முடியவில்லை. தன் அக்காவுக்கு ஒரு நல்ல பெண் குரல் கொடுக்காமல் இந்தக் கை எதற்கு என்று தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

பெட்டிக்குள் குரலை உண்டாக்குவது ஒரே ஒரு சிப். பூரான் மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்கள், மொத்தம் இருபத்தெட்டு. அது ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தது. அந்தச் சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை, எங்கே தேடினாலும் கிடைக்காது. ரிப்பேர் அதே அளவில் ஒரு குட்டி சர்க்யூட் பலகை செய்தான். சிப்பைக் கழற்றிவிட்டு, பலகையை அதே சாக்கெட்டில் குத்தினால் புதுக் குரல் வரும்.

"புடிக்கலைன்னா பழைய சிப்பை எடுத்து மாட்டிக்கலாம்க்கா. ஒண்ணும் கெட்டுப் போகாது. நான் கேரண்டி" என்றான்.

இந்தக் கேரண்டி என்ற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ.

பலகைக்கு அடியில் கால் வேண்டுமே. அதற்கென்றே 'பின்' என்கிற ஊசிக் கால்களை வரிசையாக விற்பார்கள், சீப்பு மாதிரி நீளமாக இருக்கும், வேண்டிய அளவு ஒடித்துக்கொள்ளலாம். அதில் இரண்டு வகை. ஒன்று சதுரப் பின், கொஞ்சம் தடிமன், எல்லார் மேஜை இழுப்பறையிலும் குப்பையாகக் கிடக்கும். இன்னொன்று மெல்லிய உருட்டுப் பின். அது உதிரிப்பாகக் கடையில் தீர்ந்துபோயிருந்தது, சொல்லி வைத்தால் வரும் என்றார்கள். சொல்லியும் வைத்தான். காத்திருக்கத்தான் பொறுமை இல்லை. இழுப்பறையிலிருந்து சதுரப் பின்னை ஒடித்துப் பற்றவைத்து, சாக்கெட்டில் வைத்து அழுத்தினான். கொஞ்சம் முரண்டு பிடித்தது. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினான். உட்கார்ந்துவிட்டது.

புதுக் குரல் தேன் மாதிரி வந்தது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா சுண்டுவைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தட்டினாள். "சுண்டு, இங்கே வாம்மா" என்றது பெட்டி, அட்சர சுத்தமாக, அழகாக.

சுண்டு திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "இந்த ஆன்ட்டியை வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றாள்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை அம்மாவிடம் போகமாட்டேன் என்றாள். அம்மா கை நீட்டினால் அத்தானின் காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா போனில் எழுதி, போனையே பேசவைத்துப் பார்த்தாள். அதற்கும் "ஆன்ட்டி வேணாம்" என்றுதான் பதில். கடைசியில் அக்கா தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: "பழசையே மாட்டிக் குடுடா. எம்பொண்ணு எங்கிட்ட வரமாட்டேங்கிறா."

மாட்டிக்கொடுத்தான். "வ-ணக்-கம்" என்றது. கேரண்டியைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் வீட்டுக்குப் போனான். அன்று மாலையே அக்கா கதை சொல்லும்போது குரல் பாதியில் அறுந்தது. திரும்ப வந்தது, திரும்ப அறுந்தது, பிறகு வரவேயில்லை. சுண்டு பெட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்மேல கோவமா?" என்று கேட்டாளாம். அத்தான் மறுநாளே பெட்டியைக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு இதைச் சொன்னார்.

"என்னப்பா ஆச்சு?"

"தூசி அத்தான். தொடைச்சா சரியாயிடும்."

தூசியாம். பொய் சொல்வது என்றால் அவனுக்கு நாக்கு தானாகவே சுழலும்.

இரண்டு நாள் துடைத்துப் பார்த்துவிட்டு, இப்போது பூதக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு சாக்கெட்டுக்குள் பார்த்தான். ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பித்தளை இதழ்கள் எதிரெதிராக நின்று, நடுவில் வரும் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இருபத்தெட்டுத் துளையிலும் இதழ்கள் விலகி, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. சதுரப் பின் செய்த வேலை. அண்ணன் போட்டுத் தளர்த்திய செருப்பில் தம்பி காலை விட்டதுபோல, சிப்பின் மெல்லிய கால்கள் அதற்குள் தொளதொளவென்று ஆடின. அழுத்திப் பிடித்தால் தொடும், விட்டால் விலகும். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க அக்காவின் பெட்டியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைக்கலாம். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பெட்டியின் பலகை அரதப் பழசு. சூடு பட்டால் அதன் செம்புக் கோடுகள் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். ஓரத்தில் தேவையில்லாத ஓர் இடத்தில் பற்றவைக்கும் சால்டர் கோலைத் தொட்டுப் பார்த்தான். உரிந்தது. கோலை உடனே எடுத்துவிட்டான்.

சரி, மெல்லிய பின்தான் சரியான பின், அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று உதிரிப்பாகக் கடைக்கு ஓடினான். கடைக்காரம்மா அவனைப் பார்த்ததுமே ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். "நீ கேட்டது வந்துடுச்சு. இத்தனை நாளா ஆளையே காணோம்?"

ரிப்பேர் மெல்லிய பின்னை ஒரு கையிலும் கவுண்டரில் கிடந்த சதுரப் பின்னை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு புது சாக்கெட்டும் வாங்கினான். அங்கேயே கவுண்டர்மேல் வைத்து, சதுரப் பின்னைக் குத்திப் பிடுங்கினான். அதே துளையில் மெல்லிய பின்னைச் செருகினான். தலைகீழாகக் கவிழ்த்தான். அந்த மெல்லிய பின் 'டிக்'கென்று கவுண்டரில் விழுந்தது. இன்னொரு தடவை செய்தான். இன்னொரு தடவையும் விழுந்தது.

"காசு குடுத்து வாங்கின சாக்கெட்டை ஏம்ப்பா கெடுக்கிற?"

"கெட்டுதா இல்லையான்னு பாக்குறேம்மா."

"நல்லா இருக்கே கதை. நகைக்கடையில நிக்கிற மாதிரி எவ்வளவு நேரம்தான் நிப்பே? எது வேணும், மெல்லிசா தடிசா?"

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை சாக்கெட்டுக்கும் மெல்லிய பின்தான் சரி. அக்காவுடைய பெட்டியில் இருக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் இனி அது உதவாது. அதைக் கெடுத்த பின்தான் அதற்குள் நிற்கும். இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதும். மெல்லிய பின்னை அங்கேயே வைத்துவிட்டுச் சதுரப் பின்னையும், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு புது சாக்கெட்டையும் எடுத்துக்கொண்டான். தெருவில் நடக்கும்போது தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வழி ஒன்று தோன்றியிருந்தது. வரிசையாகத் துளை போட்ட வெற்றுப் பலகை ஒன்றை எடுத்து, அடியில் சதுரப் பின்களை வைப்பது. அவை கெட்டுப்போன சாக்கெட்டில் உட்காரும். பலகையின் மேலே, கொஞ்சம் தள்ளி, ஒரு புது சாக்கெட்டை வைப்பது. அதில் பழைய சிப் உட்காரும். மேலிருந்து கீழே காலுக்குக் கால் கம்பி இழுத்து இணைப்பது. சிப்புக்குச் சூடு படாது, பழைய பலகைக்கும் படாது. ஆனால் ஒரு கம்பி இடம் மாறினாலும் கரண்ட் போகக் கூடாத காலில் போய் சிப் எரிந்துவிடும். எரிந்தால் அக்காவின் குரல் அதோடு போயிற்று.

தன் கடைக்குத் திரும்பியதும், தொடங்குவதற்கு முன் சிப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று, பெட்டியில் "சுண்டு" என்று தட்டி, கட்டைவிரலை அழுத்தினான்.

"சுண்-டு" என்றது பெட்டி.

"அம்மா!" என்று வாசலில் ஒரு சத்தம்.

திடுக்கிட்டதில் விரல் வழுக்கியது. பெட்டி அடங்கியது. கடை வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவள் கையை உதறிவிட்டு சுண்டு உள்ளே ஓடிவந்து, பெட்டியின் முன்னால் நின்று, அது மறுபடியும் கூப்பிடும் என்று காத்திருந்தாள். அது கூப்பிடவில்லை. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அக்கா மேஜையைப் பார்த்தாள், சிப்பைப் பார்த்தாள், தம்பியின் கட்டைவிரலில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. சுண்டு அண்ணாந்து அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு மாமன் பக்கம் திரும்பி, பெட்டியின் குரலில், துண்டு துண்டாகச் சொன்னாள்: "என்-ன-டா பண்-ணி வெச்-சே."

ரிப்பேருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

அக்கா போனை எடுத்து எழுதிக் காட்டினாள். "நீ தூசின்னு சொன்னியே, அன்னிலேர்ந்து. என் வாயைப் பாத்து அவளே பேசிக்கிறா. படுக்கும்போது 'கண்ணை மூடு'ன்னு அவளுக்கு அவளே சொல்லிக்கிறா. ஆனா தூங்க மாட்டேங்கிறா. நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு என் வாயையே பாத்துகிட்டு கிடக்கிறா."

அவன் படித்தான். இன்னொரு முறை படித்தான். சாதாரணமாக அழமாட்டான், அன்றைக்கு அழுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

"தூசி இல்லக்கா, பொய் சொன்னேன். தடி பின்னை வெச்சு குத்தினேன். மெல்லிசு வர்ற வரைக்கும் இருந்திருக்கணும். சாக்கெட்டு வாயைப் பொளந்துடுச்சு. கேரண்டின்னு வேற சொன்னேன்."

அக்கா உதட்டை அசைத்தாள். சுண்டு சொன்னாள்: "சரி பண்-ண மு-டி-யு-மா."

"ஒரு வழி இருக்கு. தப்பாப் போச்சுன்னா சிப்பே எரிஞ்சிடும்க்கா. அப்புறம் எப்பவுமே இந்தக் குரல் இல்ல. வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாக்கலாமா?"

அக்கா மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ சொன்னாள்.

"நீ-யே பண்-ணு" என்றாள் சுண்டு. உடனே தன் சொந்தக் குரலில், பயந்துபோய் கேட்டாள்: "மாமா, எரிஞ்சா அம்மாவுக்கு வாய் சுடுமா?"

"சுடாதுடா கண்ணு. சுடவே சுடாது."

சிப்பை மெதுவாக நெம்பி எடுத்தான். ஒரு மூலைக் கால் லேசாக வளைந்திருந்தது, கட்டைவிரல் கைங்கரியம். அந்தக் கால்கள் ஒரு தடவை வளையும், மறு தடவை ஒடியும். அதை நிமிர்த்தும்போது மூச்சே விடவில்லை. பிறகு பின்களை வரிசையாக நிறுத்திப் பற்றவைத்தான், சாக்கெட்டை வைத்தான், தலைமுடி மாதிரி கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்தான். பாதி வேலையில், இடப்பக்கமிருந்து எண்ண வேண்டியதை வலப்பக்கமிருந்து எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் மீட்டர் வைத்துத் தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் போகவில்லை, மறுபடி பார்த்தான். மீட்டர் ஒவ்வொரு தடவை பீப் என்றபோதும் சுண்டு தலையைத் தூக்கி, அம்மாவா என்று பார்த்தாள். அவன் மூன்றாவது தடவையும் பார்க்க ஆரம்பித்தபோது அக்கா மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். போதும் என்று அர்த்தம்.

பலகையைக் கெட்டுப்போன சாக்கெட்டின்மேல் வைத்து அழுத்தினான். முதல் நாள் முரண்டு பிடித்த இடம் இன்று சொன்ன பேச்சு கேட்டது. பின்கள் நிதானமாக இறங்கி, கெட்டியாக நின்றன. அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. சிப்பை மேலே வைத்தான். பலகை உயர்ந்துவிட்டதால் பெட்டியின் மூடி இனிமேல் மூடாது. மூடி கிடக்கட்டும்.

சுவிட்சில் கையை வைத்தான். எரிந்தால் ஒரு வாசனை வரும், அவனுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வாசனை வந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது, சுண்டுவிடம் என்ன சொல்வது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே போட்டுவிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. மூக்கை நீட்டி மோந்தான். பழைய பிளாஸ்டிக் வாசனையைத் தவிர எதுவும் இல்லை. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் சிப்பின் பக்கம் போனது. அதை இழுத்துக்கொண்டான். பெட்டியைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தான்.

அக்கா உடனே தட்டவில்லை. மகளை மடியில் நேராகத் திருப்பி உட்காரவைத்து, பொத்தான்களை நிதானமாக, நிறைய எழுத்துகளாகத் தட்டினாள். சுண்டு வழக்கம்போல அம்மாவின் வாயைப் பார்த்து, தான் பேசுவதற்குத் தயாராக உதட்டைக் குவித்துக்கொண்டாள். அக்காவின் வாய் அசையவில்லை.

"சுண்-டு" என்றது பெட்டி. "போ-தும்-மா. இ-னி-மே அம்-மா-வே பே-சு-றேன்."

பிள்ளை பெட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அது பாதியில் அறுந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அறுபடவில்லை.

"சரி" என்றாள், தன் சொந்தக் குரலில். அப்படியே அம்மாவின் மார்பில் சாய்ந்தாள். ரிப்பேர் மூடியைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒரு ரப்பர் பேண்டைத் தேடி எடுப்பதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

அவன் ரப்பர் பேண்டோடு வந்து நின்றான். வலது கட்டைவிரலை மட்டும், பெட்டி நின்றுபோனால் அழுத்துவதற்கு வாகாக, நீட்டியபடியே வைத்திருந்தான். அக்கா அதைத் தட்டிவிட்டாள்.